பெர்த்தில் சுடுதண்ணி வரவில்லை

எங்கள் மாடிக்கு அந்த போர்டு ஏறிய நாளிலிருந்து தெருவில் எனக்கு ஓய்வே இல்லை. ‘ப்ராபர்ட்டி மேனேஜ்மென்ட் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் சிறப்புப் பயிற்சி’ என்று நீளமாக ஒரு போர்டு. கே.கே. நகரில் டியூஷன் தெரியும், ஆரி ஒர்க் கிளாஸ் தெரியும், நீட் கோச்சிங் தெரியும். இது என்ன வகை என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. பால் வாங்கப் போனாலும் கேள்வி, வாசல் தெளித்தாலும் கேள்வி. தேய்ப்பு வண்டிக்காரர், “பிளாட் போட்டு விக்கிறாங்களாக்கா? பேரையூர்ப் பக்கம் ஒரு மூணு சென்ட் கிடைக்குமா?” என்று இரண்டு முறை விசாரித்துவிட்டார்.

நான்தான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். “ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வேற ஊர்ல கெடப்பான். அவனுக்குப் பதிலா வீட்டைப் பாத்துக்கிட ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் பதிலா போன் எடுத்துப் பேச, இங்க நம்ம மாடியில ஒரு புள்ள. அதுக்குத்தான் படிப்பு.”

“வாடகைக்காரங்களோட மல்லுக்கட்ட ஒரு படிப்பா!” என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இருபது வருஷமாக நான் மாடியை வாடகைக்கு விடுகிறேன். எனக்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை.

பயிற்சி நடத்தும் சரண்யாதேவி முப்பது வயசுக்காரி. சென்னையில் இதே மாதிரி கம்பெனியில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவள். வீடு கேட்டு வந்த அன்றைக்கு வழக்கம்போல நான் விசாரித்தேன். கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை, சொந்த ஊர் எது, கவுச்சி உண்டா, யார் யார் வந்து போவார்கள். அவள் இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, “அக்கா, நீங்க கேட்டதுல பாதிய அங்க ஒரு வாடகைக்காரர்கிட்ட கேட்டா கேஸ் போட்டுருவாங்க” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் பக்கத்துவீட்டில் இருப்பது யார், என்ன என்று அந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் தெரிந்துகொள்வார்களோ!

ஆனாலும் அவளுக்கு என் அருமை தெரிந்திருந்தது. ஒருநாள் சமையலறை ஜன்னலில் வந்து நின்றாள். “அக்கா, புள்ளைகளுக்குப் பழக்கத்துக்கு ஒரு மோசமான வாடகைக்காரர் வேணும். நான் நடிச்சா யாரும் பயப்பட மாட்டேங்குறாங்க.” அன்றிலிருந்து தினமும் நான் கீழேயிருந்து போன் போட்டுக் கத்துவேன், மேலே ஒருத்தி எடுத்துச் சமாளிப்பாள். நான் தமிழில் கத்துவேன், அவர்கள் இங்கிலீஷில் பணிவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

டவுனிலிருந்து வரும் நுஸைபாவுக்கு என் குரலைக் கேட்டாலே சிரிப்பு. அவளுடைய அத்தா சேக் மைதீன் ட்ரங்குப் பெட்டிக் கடை வைத்திருக்கிறார். கடையில் வளர்ந்த பிள்ளை, வாய் அதிகம். “டாய்லெட் அடைச்சிருச்சு, இந்தா சம்பந்தக்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க” என்று நான் கூவினால், “சாப்பாடு போடாம அனுப்பிருங்கக்கா, டாய்லெட் தேவைப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனையே வைத்துவிடுவாள். முனீஸ்வரி சிரிக்க மாட்டாள். நான் என்ன கத்தினாலும், “மெயின் வால்வை மூடிட்டீங்களா மேடம்?” என்று நிதானமாகக் கேட்பாள். அந்தக் குரலுக்கு நானே எழுந்துபோய் ஒருதரம் எங்கள் வீட்டு வால்வை மூடிவிட்டேன். குளித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் சிவபாண்டி சோப்பு நுரையோடு கத்தியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முனீஸ்வரிக்கு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பி.எஸ்சி. முடித்தவள், அஞ்சு வயசில் பவதாரிணி என்று ஒரு மகள். ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊரில் காலை எட்டரை என்றால் நமக்கு விடிகாலை ஆறு. அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வந்து சேர்வாள். ஏன் இந்தப் பாடு என்று நான் சும்மா கேட்டுவைத்தேன். ஒருநாள் கேட்டால் சொல்ல மாட்டாள், நாலு நாள் கேட்டேன், சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரன் அருள்பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தனி ஆள் சம்பளம் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. நீயும் வா, ரெண்டு பேரும் வேலை பார்ப்போம் என்கிறான். பிள்ளையை ஒச்சாயியிடம், அதாவது முனீஸ்வரியின் அம்மாவிடம், விட்டுவிட்டுப் போக வேண்டும். “பயிற்சி முடிச்சு இந்த வேலை கெடைச்சா வீட்டுல இருந்தே பாக்கலாமாம்க்கா. அவரும் ஊருக்கு வந்து லோடு ஆட்டோ ஓட்டுறேன்னுட்டாரு. கெடைக்கலைன்னா ஆவணி பொறந்ததும் நான் திருப்பூரு. பாப்பாவைத் தீபாவளி பொங்கலுக்குத்தான் பாக்கணும்.” இதைச் சொல்லும்போதும் அவள் குரல் மெயின் வால்வைக் கேட்கும் குரல்தான்.

ஆடி மாதம் பெர்த் கம்பெனி ஒன்று ஆள் கேட்டது. ஹெலன் என்று ஒரு மேனேஜரம்மா. ஒரே ஒரு ஆள்தான், இரண்டு வாரம் வெள்ளோட்டம், நிஜமான வாடகைக்காரர்கள், நிஜமான போன். சரண்யா முனீஸ்வரியை உட்கார வைத்தாள். நுஸைபா முந்தைய மாதமே வேறொரு கம்பெனியில் தேறி, அந்த வேலையையும் எங்கள் மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே தேறினாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதல் வாரம் எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை கிளேர் என்று ஒருத்தி கூப்பிட்டாள். வீட்டில் சுடுதண்ணி ஹீட்டர் செத்துவிட்டது, கையில் ஒரு மாதக் குழந்தை. இங்கே ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே அது குளிர்காலம், மழை வேறு. முனீஸ்வரி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். அங்கெல்லாம் சுடுதண்ணி நின்றால் அவசர ரிப்பேர் என்று கணக்கு. அவசரம் என்று குறித்து, கம்பெனியின் வழக்கமான பிளம்பருக்குக் கம்ப்யூட்டரில் வேலையை அனுப்பிவிட்டாள். கிளேர் அழுகிற குரலில், “எப்போ வருவார்?” என்று கேட்டாள்.

முனீஸ்வரி சொன்னாள்: “வந்துக்கிட்டே இருக்கார் மேடம்.”

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் ஊரில் கேட்டரிங்காரனைக் கேளுங்கள், எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள், பொண்ணு பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டைக் கேளுங்கள், எல்லாரும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அப்படிச் சொன்னால் ‘உங்களை மறக்கவில்லை’ என்று அர்த்தம். கேட்டவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வருவார். அது ஒரு ஆறுதல். அதைத் தகவல் என்று யாராவது நம்புவார்களா?

கிளேர் நம்பினாள். குழந்தைக்கு ஊசி போட வாங்கியிருந்த அப்பாயிண்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டு, இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளம்பர் அன்றைக்கு லீவு. முனீஸ்வரி அனுப்பியதை அவர் பார்க்கவே இல்லை. முனீஸ்வரியும், பிளம்பர் வந்திருப்பார் என்ற நம்பிக்கையில் மதியம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நான் மாடிக்கு டீ கொண்டுபோனபோது எல்லாரும் முனீஸ்வரியின் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். டம்ளரைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று அங்கேயே நின்றேன். நுஸைபாதான் காதில் சொன்னாள்: “அக்கா, போச்சு. அந்தப் பொம்பள புகார் குடுத்துருச்சு. பன்னெண்டு மணிக்குள்ள விளக்கம் சொல்லணுமாம், இல்லாட்டி வெள்ளோட்டத்தை நிப்பாட்டிருவேன்னு ஹெலன் சொல்லிருச்சு.”

சரண்யா வெள்ளைப் பலகையைக் காட்டினாள். அதில் மூன்று வார்த்தைகள் முதல் நாளிலிருந்து அழியாமல் இருக்கின்றன: கேட்டாச்சு, ஒத்துக்கிட்டாச்சு, கிளம்பியாச்சு. “மூணும் வேற வேறன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன் முனீசு? நீ முதல் படியில நின்னுக்கிட்டு மூணாவது படியைச் சொல்லிருக்க.”

“பச்சைப் புள்ளையோட அழுதுச்சுக்கா. அனுப்பியாச்சு, வந்துருவாருன்னு நெனச்சுட்டேன்.” முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் பார்த்தேன், கையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

விளக்கம் தயாரிப்பதில் எங்களுக்குக் குறைவா என்ன? “மழைன்னு சொல்லு. அங்க மழைதானே? ரோட்டுல தண்ணி, வண்டி மாட்டிக்கிருச்சுன்னு சொல்லிரு” என்றாள் நுஸைபா.

“மழையெல்லாம் பத்தாது” என்றேன் நான். “பிளம்பரு வீட்டுல ஒரு துக்கம்னு சொல்லு. துக்கம்னா எந்த ஊர்க்காரனும் மறுபேச்சு பேச மாட்டான்.”

“நாளைக்கு அந்தப் பிளம்பரே ஹெலனுக்குப் போன் போட்டா?”

“அவரு போன் போடலாம், அவரையா சாகச் சொன்னேன்? பெரியப்பா யாராச்சும்…”

“வெள்ளக்காரனுக்குப் பெரியப்பா செத்தா எவன்க்கா லீவு குடுப்பான்?” என்றாள் நுஸைபா. அதுவும் நியாயம்தான்.

முனீஸ்வரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

“நேத்து நான் சொன்னதை நம்பி அந்தப் பொண்ணு நாள் பூரா வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கு. இன்னைக்கும் ஒண்ணைச் சொன்னா இன்னைக்கும் கெடக்கும். நான் மொதல்ல அதுக்குப் பேசுறேன். ஹெலனுக்கு அப்பறம்.”

“பன்னெண்டு மணிடி!” என்றாள் நுஸைபா.

“இன்னும் அங்க சுடுதண்ணி வரலைல்ல?”

எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது, கேட்டால் எல்லாம் புரியும். முனீஸ்வரியின் இங்கிலீஷில் சுற்றி வளைப்பது கிடையாது, உழவு சால் மாதிரி நேராகப் போகும். “நான் முனீஸ்வரி. நேத்து பிளம்பர் வர்றார்னு சொன்னது நான்தான். அவர் ஒத்துக்கவே இல்லை. ஒத்துக்கிட்டாரான்னு நான் பாக்கவும் இல்லை. தப்பு என்னோடது.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. நான் வாடகைக்காரராக நடித்தபோது எவ்வளவு கௌரவமாகக் கத்தியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முனீஸ்வரி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கிளேர் கத்தி முடித்ததும், “இப்ப வேற பிளம்பரைத் தேடுறேன். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் கால் மணி நேரத்துல உங்களைக் கூப்பிடுவேன்” என்று சொல்லி வைத்தாள்.

அடுத்தது ஹெலன். வேறு பிளம்பரைக் கூப்பிட வேண்டுமென்றால் அவளுடைய அனுமதி வேண்டும். கிளேரிடம் சொன்ன அதே வார்த்தைகளை, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல், ஹெலனிடமும் சொன்னாள். நான் மனசுக்குள் அந்தப் பெரியப்பாவை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். ஹெலன், “கூப்பிடு. மத்தது நாளைக்குப் பேசலாம்” என்றாள். அந்த ‘மத்தது’ என்பதில் திருப்பூர் பஸ் ஹாரன் அடிப்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

முதல் பிளம்பர் திங்கள்கிழமைதான் வருவேன் என்றார். முனீஸ்வரி கிளேரைக் கூப்பிட்டாள்: “ஒருத்தர் திங்கள்கிழமை வர்றேங்கிறார். அது ஆகாது. அடுத்தவரைக் கூப்பிடுறேன்.” இரண்டாவது ஆள் எடுக்கவே இல்லை. மறுபடியும் கிளேர்: “ரெண்டாவது ஆள் எடுக்கலை. அடுத்தவரைக் கூப்பிடுறேன்.” கிளேருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குக் கூப்பிடுற?” என்று கேட்டாள்.

“நீங்க வாசலைப் பாக்க வேண்டாம்னு சொல்லத்தான் மேடம்.”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. மூன்றாவது ஆள் அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்று சொல்ல, அதையும் முனீஸ்வரி போன் போட்டுச் சொன்னபோது கிளேர் திட்டவில்லை. “சரி, சொல்லு, அடுத்து யாரு?” என்றாள், பந்தயம் பார்க்கிறவள் மாதிரி.

நாலாவது போனில் ஒரு பெண் குரல். பிளம்பரின் மனைவி போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லையாம், பிளம்பரே அவள்தானாம்! நுஸைபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொம்பள பிளம்பர்க்கா! அல்லாவே, எங்கத்தாகிட்ட சொல்லணும்.” அந்த அம்மாள் முகவரியைக் கேட்டாள், ஹீட்டரின் மாடலைக் கேட்டாள், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நானாக இருந்தால் அதைக் கேட்ட கையோடு, “இந்தா வந்துட்டாங்க” என்று பெர்த்துக்கே கேட்கும்படி கூவியிருப்பேன். முனீஸ்வரி கிளேரிடம் சொன்னது இதுதான்: “ஒத்துக்கிட்டாங்க. கிளம்பலை. கிளம்பினதும் நான் சொல்ற வரைக்கும் நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

அடுப்பில் வைத்திருந்த சோறு கஞ்சியாகிப் போனது. சிவபாண்டி கீழேயிருந்து கூப்பிட்டார், நான் போகவில்லை. ஒரு மனுஷன் ஒருநாள் கஞ்சி குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. பெர்த்தில் ஒரு பிள்ளை குளிக்காமல் இருக்கிறதே!

பன்னிரண்டு அடித்தும் நாங்கள் யாரும் மணி பார்க்கவில்லை. அந்தப் பிளம்பரம்மா கிளம்பியதும் சொன்னாள், சேர்ந்ததும் சொன்னாள். மதியம் முனீஸ்வரி கடைசியாகக் கூப்பிட்டு, “தண்ணி வருதா மேடம்?” என்று கேட்டாள். கிளேர் போனைக் குழாய்ப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள் போல. பெர்த் நகரத்துக் குழாயில் தண்ணி கொட்டுகிற சத்தம் கே.கே. நகரில் எங்கள் மாடி ஸ்பீக்கரில் கொட்டியது. நாங்கள் நாலு பேரும் ஏதோ கச்சேரி கேட்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சரண்யா மட்டும் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணில் புழுதி விழுந்துவிட்டதாம். விழட்டும், ஆடிக்காற்றுதானே.

வெள்ளிக்கிழமை ஹெலன் வீடியோவில் வந்தாள். எனக்கு மாடியில் வேலை எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. மொட்டை மாடிப் படி அந்த அறையை ஒட்டித்தான் போகிறது.

ஹெலன் சிரிக்கிற ரகம் இல்லை. “உன்னால ஒரு வாடகைக்காரருக்கு ஒருநாள் பூரா வீணாப்போச்சு. இது உன் பேர்ல பதிவாகும்” என்றாள்.

“ஆகணும் மேடம்” என்றாள் முனீஸ்வரி.

“நாளைக்கும் இதே மாதிரி ஒருத்தர் அழுதா என்ன சொல்லுவ?”

முனீஸ்வரி யோசித்தாள். இவ்வளவு யோசிக்கிறாளே, போய்விட்டது என்று நான் படியில் நின்றபடி கையைப் பிசைந்தேன். “இன்னும் யாரும் ஒத்துக்கலைன்னு சொல்லுவேன். மறுபடி எப்பக் கூப்பிடுவேன்னு சொல்லுவேன். அந்த நேரத்துக்குக் கூப்பிடுவேன்.”

“அழுகிறவங்களுக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

“அதுதான் மேடம் ஆறுதல்.”

ஹெலன் ஏதோ எழுதிக்கொண்டாள். “எங்க ஆபீஸ்ல பத்து வருஷமா இருக்கிறவங்களே, கைல சேதி இல்லைன்னா வாடகைக்காரருக்குப் போன் போட மாட்டாங்க. பயம். நீ மூணு தடவை போட்டிருக்க. கிளேர் என்கிட்ட அதைத்தான் முதல்ல சொன்னா.” அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள். “திங்கள்கிழமையிலிருந்து நீ எங்க ஆள். வீட்டுலயிருந்தே வேலை பார்க்கலாம். கரண்டு போனா என்ன செய்வேன்னு மட்டும் எனக்கு எழுதி அனுப்பு.”

நுஸைபா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்த குதியில் கீழே எங்கள் ஹாலில் மின்விசிறி ஆடியதாக சிவபாண்டி பிறகு சொன்னார். முனீஸ்வரி குதிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேஜையில் வைத்துவிட்டு அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். “ஏய்யா, பையைக் கட்டு. நான் வரல, நீதான் வார.” அவன் என்ன சொன்னானோ தெரியவில்லை. “ஆமாய்யா, ஒத்துக்கிட்டாங்க” என்றாள். அத்தனை மாதமாக மெயின் வால்வைக் கேட்ட குரல், அன்றைக்கு உடைந்தது. படியிறங்கிப் போய் என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். என் முந்தானையைத்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் அவளை வழியனுப்பப் பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே போனேன். அங்கே பூக்காரம்மா இருந்தாள், பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். இந்த மாதிரி சமாச்சாரத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது?

“இது எங்க மாடியில படிச்ச புள்ளை. ஆஸ்திரேலியாவுல ஒரு குழந்தைக்குக் குளிக்கத் தண்ணி இல்லைன்னதும், எட்டு பிளம்பருக்கு இங்கிருந்து போன் போட்டா பாத்துக்க…”

“நாலு பேருக்குத்தான்க்கா” என்றாள் முனீஸ்வரி.

“நாலா?” என்று பூக்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள். “நாலு போனுதானா? அது யாரும் போடலாம்ல?”

எனக்குச் சுருக்கென்றது. ஆரப்பாளையம் பஸ் வந்துவிட்டது, முனீஸ்வரி பின்படியில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி, “வாரேன்க்கா” என்று கையை ஆட்டினாள். நான் பூக்காரம்மா பக்கம் திரும்பினேன்.

“நாலுதான்” என்றேன். “மூணு பேருகிட்ட காரியம் ஆகலை. ஒவ்வொரு தடவையும் அதை அந்தக் குழந்தையோட அம்மாகிட்டயே போன் போட்டுச் சொன்னா. நீ போட்டுப் பாரேன், தெரியும்.”